பெயரைச் சொன்னார்கள், முகம் நினைவுக்கு வரவில்லை

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை நான். வகுப்பில் 44 பேர். போன மாதம் ஒரு மாணவியின் அம்மா டி.சி. கேட்டு வந்தார். பெயரைச் சொன்னார். எனக்கு முகம் நினைவுக்கு வரவில்லை. எட்டாம் வகுப்பிலும் அவள் என்னிடம்தான் கணக்கு படித்தாள். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. பிள்ளைகள் எல்லோர் மீதும் எனக்குப் பாசம் உண்டு. ஆனாலும் இப்படி நடந்துவிட்டது. நான் என்ன செய்ய வேண்டும்?
– ஓர் ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

அன்புள்ள டீச்சர்,

தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எத்தனையோ டி.சி.யில் ‘குணமும் நடத்தையும்’ என்ற இடத்தில் ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவற்றில் எத்தனை பிள்ளைகளை உண்மையிலேயே தெரிந்துகொண்டு எழுதினேன் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. உங்கள் கடிதம் அதனால்தான் என்னையும் தூங்கவிடவில்லை.

நம் பள்ளிகளில் யார் யாருக்குப் பட்டியல் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நூற்றுக்கு நூறு எடுக்கக்கூடியவர்களுக்கு ஒரு பட்டியல். மெல்ல மலரும் மாணவர்களுக்கு ஒரு பட்டியல், அவர்களுக்கு மாலையில் தனி வகுப்பு. சேட்டை செய்கிறவனின் பெயர் ஆசிரியர் அறையில் தினமும் அடிபடுகிறது. நாற்பதிலிருந்து அறுபது மார்க் வரை வாங்கிக்கொண்டு, சத்தம் போடாமல், மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எந்தப் பட்டியலிலும் இல்லை. எப்படியும் பாஸ் ஆகிவிடுவாள் என்று விட்டுவிடுகிறோம். உங்களிடம் பாசம் இல்லாமல் போகவில்லை, டீச்சர். தானாக முன்னால் வந்து நிற்கிற பிள்ளைக்கே அது போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஒதுங்கி நிற்கிறவளைத் தேடிப் போக ஒரு வழி வேண்டும்.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கல்வியியல் பிரிவு பள்ளிகளுக்குச் சொல்லித்தரும் முறை ஒன்று உண்டு. அதற்குக் காசு செலவில்லை. வகுப்பின் பெயர்ப் பட்டியலை ஆசிரியர் அறை மேசையில் விரித்து வையுங்கள். அந்த வகுப்புக்குப் போகும் ஒவ்வொரு ஆசிரியரும், தனக்கு நன்றாகத் தெரிந்த பிள்ளையின் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி வைக்கட்டும். மார்க் தெரிவது கணக்கில் வராது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எதில் ஆசை, யாரோடு சேர்ந்து வருகிறாள் என்பதில் ஏதாவது தெரிந்தால்தான் புள்ளி. பி.டி. சாரையும் சத்துணவு அமைப்பாளரையும் கட்டாயம் கூப்பிடுங்கள். பல சமயம் நமக்குத் தெரியாத பிள்ளைகளை அவர்களுக்குத் தெரியும். எல்லோரும் வைத்து முடித்ததும் சில பெயர்களுக்கு எதிரே ஒரு புள்ளிகூட இருக்காது. அதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். அந்தப் பெயர்களை ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தாள் பிள்ளைகள் கண்ணில் பட்டுவிடக் கூடாது. ‘உன்னை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள்’ என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லவும் கூடாது.

அப்புறம் தினமும் இரண்டு நிமிடம். பத்து நாள் விடாமல். படிப்பைப் பற்றி வேண்டாம். ‘தம்பிக்குக் காய்ச்சல்னு சொன்னியே, இப்ப எப்படி இருக்கான்?’ போதும். பதினான்கு வயதுப் பிள்ளை முதல் நாள் ‘ஒண்ணுமில்ல டீச்சர்’ என்றுதான் சொல்லும். இரண்டாம் நாளும் அதுதான். அதோடு விட்டுவிட்டால், டீச்சர் சும்மா கேட்டுவைத்தார் என்று நினைத்துக்கொள்ளும். ஐந்தாம் நாளும் போய்க் கேட்டால்தான் நம்பும்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், முதல் பாடவேளையில் தினமும் தூங்கி வழிந்த பையன் ஒருவன் இருந்தான். இரண்டு மாதம் அவனை நிற்க வைத்தே பாடம் நடத்தினேன். ஒரு நாள் விடியற்காலை வெளியூர் போகப் பேருந்து நிலையத்துக்குப் போனேன். அங்கே பூ மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அன்றே அவனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு நாள், ‘ராத்திரி எத்தனை மணிக்குப்பா தூங்கின?’ என்று நான் கேட்டிருக்கலாம்.

பசியையும் கேளுங்கள். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குச் சத்துணவு மதியம்தான். இரண்டாவது பாடவேளையில் தலைவலி என்று சொல்பவளிடம் காலையில் என்ன சாப்பிட்டாள் என்று தனியாகக் கேளுங்கள், மற்றவர்கள் முன்னால் வேண்டாம்.

இதில் ஒன்று ரொம்ப முக்கியம். இப்படிப் பேச ஆரம்பித்தால் சில பிள்ளைகள் பெரிய விஷயங்களைச் சொல்லிவிடுவார்கள். ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் தொல்லை என்று தெரிந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி போலீசுக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தகவல் கொடுத்தே ஆக வேண்டும். பள்ளிக்குள் பேசி முடித்துவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ‘உனக்கு உதவக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்வேன், உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்’ என்று சொல்லுங்கள். குழந்தைகளுக்கான 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற இரண்டு உதவி எண்களையும் வகுப்புச் சுவரில் எழுதி வையுங்கள்.

‘இதுக்கெல்லாம் நேரம் எங்க இருக்கு?’ என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். ஆளுக்கு இரண்டு பிள்ளைகள், பிள்ளைக்கு இரண்டு நிமிடம். பிரேயர் முடிந்து வகுப்புக்கு நடக்கும் நேரத்திலேயே முடிந்துவிடும். எல்லோரும் சேர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். முதலில் இரண்டு பேர் வந்தால் போதும்.

சரி, டி.சி. வாங்கிக்கொண்டு போன பெண்ணைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். வேறு பள்ளி சேர்த்துக்கொள்ளும் வரை அவள் பெயர் எமிஸ் என்ற அரசின் மாணவர் பதிவு இணையதளத்தில், பொதுத் தொகுப்பில்தான் இருக்கும். ஒரு மாதம் ஆகிவிட்டது என்கிறீர்கள். நாளைக்கே தலைமையாசிரியரிடம் சொல்லித் தேடிப் பாருங்கள். இன்னும் அங்கேயே இருந்தால் அவள் எந்தப் பள்ளியிலும் சேரவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு ஆசிரியையைக் கூட்டிக்கொண்டு அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போங்கள்.