அபிமான்: ஒன்றும் சொல்லாத ஒருவர்

அன்புள்ள அம்மா,

வணக்கம். மும்பை முலுண்டிலிருந்து எழுதுகிறேன். போன ஞாயிறு வீட்டில் எல்லோரும் சேர்ந்து, அமிதாப்பும் ஜெயாவும் பாடகர்களான கணவன் மனைவியாக நடித்த 'அபிமான்' (1973) இந்திப் படம் பார்த்தோம். எனக்கு இது பத்தாவது தடவையாவது இருக்கும். படம் முடிந்ததும் பெரிய வாக்குவாதமே வந்துவிட்டது. "இப்படிப் பொறாமை பிடித்தவனிடம் திரும்பிப் போவதற்கா இரண்டு மணி நேரம்? அவள் ஏன் விட்டுவிட்டுப் போகவில்லை?" என்று என் மகள் கேட்டாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. "பாட்டுக்காகப் பார், கதையை விடு" என்றார் மைத்துனர். "புருஷன் பெண்டாட்டி என்றால் நாலும் இருக்கும், கடைசியில் சேர்ந்தார்களா இல்லையா?" என்றார் மாமனார். இது சிதார் ரவிசங்கர், அவர் மனைவியாக இருந்த அன்னபூர்ணா தேவி கதைதான் என்று எதிர்வீட்டு நண்பர் சாதித்தார். என் மனைவி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசிப் பாட்டு வருவதற்குள் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். அவளும் கல்யாணத்துக்கு முன்பு மாட்டுங்காவில் பாட்டு கற்றுக்கொண்டவள்தான்.

என் கேள்விகள்: கடைசியில் உமா (ஜெயா) கணவனோடு சேர்வது அவளுடைய தோல்வியா? இது யாருடைய உண்மைக் கதை? அமிதாப், ஜெயா கல்யாணச் செய்தியின் சூட்டில்தான் படம் ஓடியதா?

அன்புள்ள தம்பி,

உங்கள் பெயரை வேண்டுமென்றேதான் எடுத்துவிட்டேன். காரணம் போகப்போகப் புரியும்.

பரணில் கிடந்த பழைய கேசட்டுகளைக் கழித்துவிடலாம் என்று போன வாரம் உட்கார்ந்தேன். அதில் 'அபிமான்' கேசட்டும் இருந்தது. நாடா உள்ளே சிக்கிக் கிடந்தது. பென்சிலை விட்டுச் சுற்றிப் பார்த்தேன், அசையவில்லை. தூக்கிப்போடவும் மனம் வரவில்லை, மேஜைமேல் வைத்துவிட்டேன். அப்போதிலிருந்து இந்தப் படம்தான் மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். அவர்கள் கல்யாணம் 1973 ஜூன் 3, படம் வந்தது ஜூலை 27. முதல் வாரக் கூட்டம் வேண்டுமானால் அதற்காக வந்திருக்கலாம். ஐம்பது வருஷத்துக்குப் பிறகு உங்கள் மகள் முலுண்டில் உட்கார்ந்து சண்டை போடுவதற்கு அந்தக் கல்யாணமா காரணம்? யாருடைய கதை என்ற ஆராய்ச்சியையும் விடுங்கள். அன்னபூர்ணா தேவி சுர்பஹார் என்ற, சிதார் போன்ற பெரிய தந்தி வாத்தியம் வாசித்தவர். புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா போன்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர். மேடையே வேண்டாம் என்று பல பத்தாண்டுகள் மும்பையில் வீட்டுக்குள்ளேயே இருந்து 2018-ல் இறந்தார். அவர் வாழ்நாள் முழுக்கச் சாத்தி வைத்திருந்த கதவு அது. ஒரு சினிமாவைக் காரணம் காட்டி நாம் போய்த் தட்ட வேண்டாம்.

மகளின் கோபம் நியாயமான கோபம். அதை அடக்காதீர்கள். ஆனால் ஒன்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள்: உமா போனாள். புகுந்த வீட்டை விட்டுக் கிராமத்துக்கு அப்பாவிடம் போனாள். குழந்தை வயிற்றிலேயே போனது அங்கேதான். அதன் பிறகுதான் அவள் வாய் அடைத்துப்போகிறாள். இவ்வளவும் திரையில் நடக்கிறது. அதையெல்லாம் தாண்டிவிட்டு "ஏன் போகவில்லை" என்று கேட்பது சரியில்லை. கருத்து சொல்லத் துடிப்பவர்கள் முதலில் படத்தைப் பார்க்க வேண்டும். உங்கள் மைத்துனருக்கும் இதேதான். கதையை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. இந்தப் படத்தில் கதை நடப்பதே பாட்டில்தான்.

எப்படி என்று சொல்கிறேன். சுபீருக்கு, அதாவது அமிதாப்புக்கு, இரண்டு பாட்டில் கிஷோர் குமார் குரல், ஒன்றில் ரஃபி, இன்னொன்றில் மன்ஹர் உதாஸ். சாமிக்குச் சொல்லும் சுலோகத்தை விட்டுவிட்டால், உமாவின் பாட்டுகள் எல்லாவற்றிலும் ஒரே குரல், லதா. அவனுக்குக் குரல் மாறிக்கொண்டே இருக்கிறது. அவள் குரல் முதலிலிருந்து கடைசிவரை ஒரே இடத்தில் நிற்கிறது. அவன் பாட்டு தொழில். அவளுக்குப் பாட்டு அப்பாவிடம் படித்தது, விடியற்காலையில் சாமிக்குச் சொல்வது. அவள் மேடை கேட்கவில்லை. தயங்கியவளைச் சமாதானம் செய்து ஒலிப்பதிவுக்குக் கூட்டிக்கொண்டு போனவன் அவன்தான். அன்பாகத்தான் கூட்டிப்போனான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிறகு கையெழுத்து வாங்க வருகிறவர்கள் அவளைச் சூழ்ந்துகொள்கிறார்கள், அவன் ஓரத்தில் நிற்கிறான். அவனைவிட அவளுக்குக் கூடுதலாகக் கொடுக்கத் தயாரிப்பாளர்கள் வருகிறார்கள். அந்த இடங்களில் அமிதாப் முகத்தைப் பாருங்கள். சிரிப்பு வருகிறது, ஆனால் கொஞ்சம் தாமதமாக வருகிறது.

பலர் இதைப் பொறாமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. படத்தின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அபிமானம் என்றால் பிரியம், அபிமான நடிகர் என்கிறோம் இல்லையா? இந்தியில் அபிமான் என்றால் கர்வம். ஆனால் படம் எடுத்த ஹிருஷிகேஷ் முகர்ஜி வங்காளி, இசையமைத்த எஸ்.டி. பர்மனும் வங்காளி. வங்காளத்தில் அபிமான் என்பது வேறு. ரொம்பப் பிரியமானவர்கள் நோகடிக்கும்போது வாய்விட்டுச் சொல்லாமல் உள்ளே ஒதுங்கிக்கொள்வது. வெளியாட்களிடம் அது வராது, கோபம்தான் வரும். நம்மிடம் ஊடல் இருக்கிறது. ஆனால் ஊடலில் ஒரு விளையாட்டு உண்டு, திரும்பி வரும் வழியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ஊடுவார்கள். வள்ளுவர் அதை உப்பு என்றார், அளவு கொஞ்சம் கூடினாலும் கெட்டது. வங்காளத்து அபிமானில் அந்த வழியை அடைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவதும் உண்டு. சுபீரிடம் இருப்பது இந்தி அபிமான். உமாவிடம் இருப்பது வங்காள அபிமான். ஒரே வீட்டில் ஒரே சொல் இரண்டு பாஷையில் நடமாடுகிறது. அவன் இரைகிறான், குடிக்கிறான், அவனுடையது எல்லோருக்கும் கேட்கிறது. அவளுடையது யாருக்கும் கேட்கவில்லை.

இதே இயக்குநர் ஏழு வருஷம் முன்பு, 1966-ல், 'அனுபமா' எடுத்தார். பிரசவத்தில் மனைவி இறந்ததற்குக் குழந்தையை வெறுக்கிற அப்பா, அந்த வெறுப்பில் வளர்ந்து பேச்சே அற்றுப்போன பெண். ஷர்மிளா தாகூர். அந்தப் பெண்ணின் பெயரும் உமாதான். அந்த உமா கடைசியில் தானே முடிவெடுத்து வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். ரயில் நிலையத்தில் அப்பா ஒளிந்து நின்று அழுகிறார். இந்த உமாவுக்கு அப்படி ஒரு முடிவு கொடுக்கவில்லை. 'அபிமான்' மேல் எனக்குக் குறை உண்டென்றால் அது இங்கேதான். குழந்தை போன பிறகு படம் சுபீரின் படமாகிவிடுகிறது. அவன் வருத்தம், அவன் பிராயச்சித்தம், அவன் பாட்டு. சுற்றியிருக்கும் நல்லவர்கள் எல்லோரும் கூடிப் பேசி அவளை எப்படியாவது அழவைக்க வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். அவளைத் தவிர எல்லோருக்கும் அவளைப் பற்றி ஒரு யோசனை இருக்கிறது.

அந்தக் கடைசிப் பாட்டு, தாகூர் மெட்டு ஒன்றிலிருந்து பர்மன் எடுத்து வளர்த்தது. முற்றத்தில் ஒரு குட்டிப் பூ பூக்கும், மேகத்துக்குள் நிலா விளையாடுகிற மாதிரி உன் முந்தானையில் அது விளையாடும் என்று பிறக்கப்போகும் குழந்தைக்காகப் பாடுகிற வரிகள். இல்லாமல் போன குழந்தைக்காக, அதன் அம்மா முன்னால், மேடையில் நின்று பாடுகிறான். உங்கள் மனைவி எழுந்து போனது இந்தப் பாட்டு வருவதற்கு முன்னால்.

தம்பி, உங்கள் கடிதத்தைத் திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள். மகள் சொன்னது, மைத்துனர் சொன்னது, மாமனார் சொன்னது, எதிர்வீட்டுக்காரர் சொன்னதுகூட வார்த்தை பிசகாமல் எழுதியிருக்கிறீர்கள். அந்த அறையில் பாட்டு படித்தவர் ஒரே ஒருவர். அவருக்கு "ஒன்றும் சொல்லவில்லை" என்று ஒதுக்கிவிட்டீர்கள். "கற்றுக்கொண்டவள்தான்" என்று முடிக்கிறீர்கள். அந்த 'தான்' என்னைக் குத்தியது. பத்து தடவை இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது. உங்கள்மேல் மட்டும் இல்லை.

1985-ல் டோம்பிவிலியில் ஒரு சாலில், அதாவது வரிசையாகச் சிறு வீடுகள் கொண்ட மாடிக் குடியிருப்பில், குடியிருந்தேன். மாடியில் ஒரு மராத்திக் குடும்பம். அந்தம்மாவை எல்லோரும் தாயி என்போம், மராத்தியில் அக்கா. அவர் கணவரை நான் பாவ்ஜி என்று கூப்பிடுவேன். பாவ்ஜிக்குத் தபேலாவில் உயிர். ஆகாஷ்வாணி தேர்வுக்கு இரண்டு முறை போய்த் தேறவில்லை. மூன்றாவது முறை விண்ணப்பப் படிவம் வாங்கிவந்தபோது தாயியின் பெயரை அவரே எழுதி, அவரே நிரப்பி, லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போனார். தாயி தேறிவிட்டார், பி கிரேடு. பாவ்ஜி சால் முழுக்கப் பேடா கொடுத்தார். முதல் ஒலிபரப்பு அன்று ரேடியோவை வாசல் படியில் வைத்து, யாரும் மூச்சுவிடக் கூடாது என்று எங்களை அதட்டினார். அந்தச் சந்தோஷத்தில் கலப்படமே இல்லை, நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

அப்புறம் ஆகாஷ்வாணியிலிருந்து உறை வரும், தாயி பெயருக்கு. தபால்காரர் கீழே நின்று "பாட்டுக்கார பாயி வீடு" என்று கூப்பிடுவார். பாவ்ஜி இறங்கிவந்து வாங்கிக்கொண்டு போவார். ஒரு வார்த்தை சொன்னதில்லை, குரல் உயர்த்தியதில்லை. வீட்டில் தபேலா வாசிப்பதை மட்டும் நிறுத்தினார். கொஞ்ச நாளில் அதன்மேல் துணி போர்த்தி, துணிமேல் பழைய பஞ்சாங்கங்களை அடுக்கினார்கள். அடுத்த பதிவுக்கு இருமல் என்று தாயி போகவில்லை. அதற்கடுத்ததற்கும் போகவில்லை. பிறகு உறை வருவது நின்றது. குழாயடியில் குடத்துக்குக் காத்து நிற்கும்போது ஏதாவது முணுமுணுத்துக்கொண்டிருப்பார். படியில் பாவ்ஜியின் செருப்புச் சத்தம் கேட்டால் அதுவும் நிற்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷனில் 'அபிமான்' போட்டார்கள். டி.வி. இருந்த வீட்டில் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். முடிந்ததும் உங்கள் வீட்டில் நடந்த அதே வாக்குவாதம். நான்தான் அதிகம் பேசினேன். அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. உமா கோழை என்றேன். நானாக இருந்தால் அந்த வீட்டு வாசலைத் திரும்ப மிதித்திருக்க மாட்டேன் என்றேன். தாயி சுவரோரமாக உட்கார்ந்து, முறத்தை மடியில் வைத்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் ஓய்ந்த பிறகு, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "இத்தனை நாள் வாய் திறக்காதவளுக்குத் தொண்டை அப்படி உடனே திறக்காது. முதலில் காற்றுதான் வரும். சுருதியைக் கொஞ்சம் இறக்கி வைத்திருக்கலாம்."

படத்தைப் பற்றிச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். சினிமாவில் அதெல்லாம் பார்க்க முடியுமா தாயி என்றுகூடச் சொன்னேன். பாவ்ஜி எழுந்து போய்ப் பானையிலிருந்து தண்ணீர் எடுத்துக் குடித்தார். நெடுநேரம் குடித்தார். தாயி உரித்த பட்டாணியை ஒரு கிண்ணத்திலும் தோலை இன்னொன்றிலும் போட்டுக்கொண்டு எழுந்தார்.

காற்றுதான் வரும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? வீட்டில் யாரும் இல்லாத ஏதோ ஒரு மத்தியானம் அவர் பாடிப் பார்த்திருக்கிறார். இது எனக்கு உறைக்கவே பல வருஷம் ஆனது. அதற்குள் 1988-ல் நான் வீட்டைக் காலி செய்துகொண்டு வந்துவிட்டேன். அதுவரை மாடியிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்கவில்லை.

இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரி சாப்பாட்டில் "நீ ஏன் பாடுவதை விட்டாய், நாளையிலிருந்து பாடு" என்று ஆரம்பித்துவிடாதீர்கள், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். சபாவில் சேர்த்துவிடுகிறேன், ஆன்லைன் வகுப்பு பார்க்கிறேன் என்று கிளம்பவும் வேண்டாம். சுபீரும் அப்படித்தான் ஆரம்பித்தான். உங்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்று தெரியும். கெட்ட எண்ணம் இருந்திருந்தால் அவர் எழுந்து போனதை நீங்கள் கவனித்திருக்கவே மாட்டீர்கள், எனக்கு எழுதியும் இருக்க மாட்டீர்கள்.

மாட்டுங்காவில் யாரிடம் கற்றுக்கொண்டார்? எந்த வருஷம் நிறுத்தினார்? கடைசியாகப் பாடம் எடுத்துக்கொண்டது எந்தக் கீர்த்தனை, அதில் சரணம் வரைக்கும் வந்தாரா? இது உங்களுக்குத் தெரிந்திருந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். உமாவுக்குத் தோல்வியா இல்லையா என்பதை அப்புறம் பேசலாம்.

அன்புடன்.