செயலி மறுத்த கடனுக்கு ஐரோப்பியச் சட்டம் உதவுமா?

சிங்கப்பூர்ச் செயலி ஒன்று உங்கள் அம்மாவின் கடன் விண்ணப்பத்தை மறுத்துவிட்டது, ஐரோப்பியச் சட்டத்தைக் காட்டிக் கேள்வி கேட்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உதவாது. 2024 ஓகஸ்ட்டில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியச் செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தைக் காட்டி, கிளிநொச்சியில் தையல் கடை வைத்திருக்கும் உங்கள் அம்மா அந்தச் செயலியிடம் கேள்வி கேட்க முடியாது. செயற்கை நுண்ணறிவின் நெறிமுறை பற்றி 2021இல் யுனெஸ்கோவின் 193 நாடுகள் ஏற்றதும் வெறும் பரிந்துரைதான். மறுக்கும் கணினி ஒரு நாட்டில், மறுக்கப்பட்டவர் இன்னொரு நாட்டில். கட்டுப்படுத்தும் உடன்பாடு நாடுகளுக்கிடையே வந்தே ஆக வேண்டும்.

இப்போதைக்கு, பெயரைப் பாருங்கள்; ஆவணங்களில் அது ஒத்துப்போகாததால் மறுத்திருக்கலாம். வன்னியில் இடம்பெயர்ந்து ஆவணங்களைத் திரும்ப எடுத்தவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது: அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முழுதாக, வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்து மட்டும். கணினிக்கு அவர்கள் இரண்டு ஆட்கள். இரண்டையும் விண்ணப்பத்தோடு பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

பெயர் சரி என்றால், “இந்த முடிவை ஒரு மனிதர் மீளாய்வு செய்ய வேண்டும்” என்று மின்னஞ்சலில் கேளுங்கள், தொலைபேசியில் வேண்டாம். நம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்த உரிமை உண்டு. ஆனால் அச்சட்டம் பகுதி பகுதியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது. அந்தப் பிரிவு வந்துவிட்டதா என்று சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்டுவிட்டு எழுதுங்கள்.