டார்வினை விஞ்ஞானிகளே எதிர்த்தார்களாமே?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள், "டார்வின் சொன்னதை அவர் காலத்து விஞ்ஞானிகளே ஏற்கவில்லையாம். அப்புறம் எப்படி அது பாடப்புத்தகத்தில் வந்தது? ஓட்டுப் போட்டா முடிவு செய்தார்கள்?" என்று கேட்கிறாள். நான் வணிகவியல் படித்தவள். "புத்தகத்தில் இருப்பதைப் படி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவளுக்கு என்ன பதில் சொல்வது?
- ஒரு வாசகி

பதில்: உங்கள் மகள் சொன்னது உண்மைதான் என்று முதலில் அவளிடம் ஒப்புக்கொள்ளுங்கள். விஞ்ஞானிகள் எதிர்த்தார்கள். அதுவும் சாதாரண ஆட்கள் இல்லை, அந்தக் காலத்தின் பெரிய பெரிய ஆட்கள். டார்வினுக்குப் புவியியல் சொல்லிக்கொடுத்த ஆடம் செட்ஜ்விக், எலும்பு ஆராய்ச்சியில் இங்கிலாந்திலேயே பேர்போன ரிச்சர்ட் ஓவன், அமெரிக்காவில் விலங்கியலாளர் லூயி அகாசி எல்லாரும் எதிரணி.

ஆனால் எதை எதிர்த்தார்கள் என்று பார்க்க வேண்டும். டார்வின் சொன்னதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. இன்றுள்ள உயிரினங்கள் எல்லாம் பழைய உயிரினங்களிலிருந்து மாறி மாறி வந்தவை என்பது ஒன்று. அந்த மாற்றத்தை நடத்துவதில் முக்கியமானது இயற்கைத் தேர்வு என்பது இன்னொன்று. அதாவது, பிறக்கும் குஞ்சுகள் எல்லாம் பிழைப்பதில்லை; அவை அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல இருப்பதும் இல்லை. வாழும் இடத்துக்குத் தோதான உடம்பு வாய்த்தவை கூடுதலாகப் பிழைக்கும், கூடுதலாகக் குஞ்சு பொரிக்கும், அந்த உடம்பு குஞ்சுகளுக்கும் போகும். இப்படியே தலைமுறை தலைமுறையாகப் போனால் இனமே மாறிவிடும். 1859-இல் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' நூல் வெளிவந்தது. முதல் விஷயத்தை விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் அதிலிருந்து 10, 15 ஆண்டுகளில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இரண்டாவதை ஏற்க ஏறக்குறைய 70 ஆண்டுகள் பிடித்தன. உங்கள் மகள் படித்தது பெரும்பாலும் இந்த இரண்டாவது சண்டையைப் பற்றித்தான் இருக்கும்.

மதத்துக்கும் அறிவியலுக்கும் நடந்த போர் என்றுதான் இதைப் பலரும் சொல்வார்கள். 1860 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டில் பிஷப் வில்பர்ஃபோர்ஸும் உயிரியலாளர் ஹக்ஸ்லியும் டார்வின் கொள்கையைப் பற்றி மோதிக்கொண்டதைக் காட்டுவார்கள். அன்று பேசியதற்கு வார்த்தைக்கு வார்த்தை பதிவு கிடையாது, அதனால் அதில் அதிகம் தங்க வேண்டாம். அமெரிக்காவில் டார்வினுக்காக வாதாடிய தாவரவியலாளர் ஏசா கிரே ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர். டார்வின் பக்கம் நின்ற ஹக்ஸ்லிக்கோ, இயற்கைத் தேர்வு இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்ற தயக்கம் இருந்தது. யார் எந்தப் பக்கம் என்பது அவ்வளவு எளிதாகப் பிரியவில்லை.

உண்மையில் டார்வினைத் தூங்கவிடாமல் செய்த எதிர்ப்புகள் வேறு. அவற்றில் இரண்டை மகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

முதலாவது, நேரம் போதாது என்பது. இயற்கைத் தேர்வு மெல்ல நடப்பது, அதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட இயற்பியலாளர் வில்லியம் தாம்சன், உருகிய நிலையிலிருந்து பூமி இந்த அளவுக்கு ஆற எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று 1862-இல் கணக்குப் போட்டார். 2 கோடி முதல் 40 கோடி ஆண்டுக்குள் என்று வந்தது. பிற்பாடு அதையும் 2 கோடி, 4 கோடி என்று சுருக்கிக்கொண்டே வந்தார். டார்வினால் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. தன்னை மிகவும் வாட்டிய பிரச்சினைகளில் ஒன்று என்றே இதை அவர் சொன்னார்.

இரண்டாவது, இன்னும் கூர்மையானது. கடலடித் தந்திக் கம்பிகளில் வேலை பார்த்த பொறியாளர் ஃப்ளீமிங் ஜென்கின் 1867-இல் எழுதியது. அப்பாவின் குணமும் அம்மாவின் குணமும் பிள்ளையில் கலந்து நடுவாந்தரமாக வரும் என்பதுதான் அப்போது எல்லாரும் நம்பியது. அப்படியானால், ஒரே ஒரு விலங்குக்கு நல்ல மாற்றம் ஒன்று வந்தாலும் பிள்ளைக்கு அது பாதி, பேரனுக்குக் கால் என்று தேய்ந்து போகுமே? வாளி நிறைய வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு சொட்டுக் கறுப்பை விட்ட மாதிரி. தேர்ந்தெடுக்க மிச்சம் என்ன இருக்கும்? இது விதண்டாவாதம் இல்லை. அன்றைக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் மிகச் சரியான கேள்வி. டார்வினும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டார், தன் நூலின் அடுத்த பதிப்பில் வாதத்தை மாற்றி எழுதினார்.

இதற்கான விடை அப்போதே அச்சில் இருந்தது என்பதுதான் எனக்குத் தாங்க முடியாத விஷயம். ஜென்கின் எழுதியதற்கு முந்தின ஆண்டு, 1866-இல், கிரெகோர் மெண்டல் என்ற துறவி தன் பட்டாணிச் செடி ஆராய்ச்சியை வெளியிட்டிருந்தார். ஊதாப் பூச் செடியையும் வெள்ளைப் பூச் செடியையும் சேர்த்தால் முதல் தலைமுறை முழுக்க ஊதா. அவற்றைத் தம்முள் சேர்த்தால் அடுத்த தலைமுறையில் நாலில் ஒன்று வெள்ளை. வெளிறிய ஊதா இல்லை, தூய வெள்ளை. குணம் கரைந்து போகவில்லை, ஒரு தலைமுறை மறைந்திருந்து முழுசாகத் திரும்பி வந்தது. இதன் அருமையை யாரும் உணரவில்லை. 1882-இல் டார்வினும் 1884-இல் மெண்டலும் இறந்துபோனார்கள். 1900-இல்தான் அந்தக் கட்டுரை மறுபடி கவனத்துக்கு வந்தது.

கெல்வின் கணக்கும் அப்புறம் உடைந்தது. பூமிக்குள் கதிரியக்கம் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது என்பது அவர் கணக்குப் போட்ட காலத்தில் யாருக்கும் தெரியாது. பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டு என்று அதே கதிரியக்கத்தை வைத்துத்தான் பிறகு கண்டுபிடித்தார்கள். மெண்டலின் விதிகளையும் இயற்கைத் தேர்வையும் ஃபிஷர், ஹால்டேன், ரைட் ஆகிய மரபியலாளர்கள் மூவரும் கணிதத்தால் இணைத்துக் காட்டியபோது 1930-களே வந்துவிட்டன.

ஆகவே ஓட்டுப் போட்டார்களா என்ற கேள்விக்கு இதுதான் பதில். சரியான ஆட்சேபணைகள் வந்தன. டார்வினைக் காப்பாற்றும் எண்ணமே இல்லாத வேறு துறைகளிலிருந்து அவற்றுக்கு விடை கிடைத்தது. "எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள், நீயும் ஒப்புக்கொள்" என்பதைவிட இந்தக் கதை ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எவ்வளவோ மேல்.

"சரி, யாராவது கண்ணால் பார்த்தார்களா?" என்று அவள் அடுத்துக் கேட்பாள். பார்த்தார்கள். பசிபிக் கடலிலுள்ள கலபகோஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்ற குட்டித் தீவு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற உயிரியலாளர் தம்பதி 1973 முதல் அங்கே ஃபின்ச் குருவிகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகை அளந்து குறித்துக்கொண்டு வந்தார்கள். 1977-இல் மழை பொய்த்தது. மென்மையான சின்ன விதைகளைக் குருவிகள் தின்று தீர்த்துவிட்டன. மிஞ்சியது நெருஞ்சி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் முள்ளுக் காய்தான். தடித்த அலகு உள்ள குருவிகளால் அதை உடைக்க முடிந்தது, மற்றவை பசியில் செத்தன. அவர்கள் அளந்துவந்த ஒரு ஃபின்ச் இனத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் போய்விட்டது. பிழைத்தவற்றின் குஞ்சுகள் வளர்ந்தபோது அளந்தால், அலகின் சராசரித் தடிமன் சுமார் 4 சதவீதம் கூடியிருந்தது. பின்னர் 1983-இல் பேய்மழை கொட்டி, சின்ன விதைகள் பெருகியதும் காற்று மறுபக்கம் வீசியது, சிறிய அலகுக்காரக் குருவிகளின் கை ஓங்கியது. இந்த மாற்றம் மெல்ல நடப்பதால் நம் கண்ணில் படாது என்று டார்வின் நினைத்திருந்தார்.

அவளோடு உட்கார்ந்து செய்ய ஒரு காரியம் சொல்கிறேன். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் ஆறாவது அத்தியாயத்தைப் புரட்டுங்கள். தன் கொள்கைக்கு எதிராக என்னவெல்லாம் சொல்லலாம் என்று அவரே எழுதியது அது. கண் போன்ற சிக்கலான உறுப்பு எப்படிப் படிப்படியாக வந்திருக்க முடியும் என்ற கேள்வி அதில்தான் இருக்கிறது. ஒளியை மட்டும் உணரும் புள்ளியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியும் அந்த உயிருக்குப் பயன்பட்டிருந்தால் போதும் என்பது அவர் வாதம். அதைப் படித்ததும், இன்று உயிரோடு இருக்கும் பிராணிகளில் எதெதற்கு எந்தெந்தப் படி இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். தட்டைப்புழுவின் கிண்ணம் போன்ற கண்ணிலிருந்து தொடங்கலாம். அடுத்தது நாட்டிலஸ்: அதன் கண்ணில் லென்ஸ் கிடையாது, வெறும் துளைதான். மூன்றாவதை அவளே கண்டுபிடிக்கட்டும்.