ஸ்டீபன் ஃபாஸ்டர் புகழ்பெற்றும் ஏன் ஏழையாக இறந்தார்?

அமெரிக்கா முழுவதும் பாடப்பட்ட பாடல்களை எழுதிய ஸ்டீபன் ஃபாஸ்டர், 1864 ஜனவரியில் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில் 37 வயதில் இறந்தபோது, அவருடைய பணப்பையில் இருந்தது 38 சென்ட் மட்டுமே. குடிப்பழக்கத்தையே பலரும் காரணமாகச் சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான்.

1826-இல் பிட்ஸ்பர்க் அருகே பிறந்த இவர், பெரும்பாலான பாடல்களுக்குச் சொற்களையும் மெட்டையும் தாமே அமைத்தார். இசைத்தட்டும் வானொலியும் இல்லாத அக்காலத்தில், அச்சிட்ட இசைத்தாள்களின் விற்பனையே பாடலாசிரியரின் வருமானம். மேடையில் எத்தனை முறை பாடப்பட்டாலும் அவருக்கு ஒரு காசும் வராது. 1848-இல் வெளியான ‘ஓ சுசானா’வைப் பல பதிப்பகங்கள் அவருக்கு எதுவும் தராமலே அச்சிட்டு விற்றன. அடுத்த ஆண்டு நியூயார்க்கின் ஃபர்த், பாண்ட் நிறுவனம் விற்கும் ஒவ்வொரு தாளுக்கும் 2 சென்ட் ராயல்டி (உரிமைத்தொகை) தர ஒப்புக்கொண்டது. அக்காலத்தில் அது அரிய ஏற்பாடு.

ஆனால் 1851-இல் ‘ஓல்ட் ஃபோக்ஸ் அட் ஹோம்’ வெளிவந்தபோது, முகத்தில் கரி பூசிக் கறுப்பினத்தவராக நடித்த வெள்ளையர் குழு ஒன்றின் தலைவரான கிறிஸ்டியின் பெயரே ஆசிரியர் பெயராக அச்சாயிற்று. ராயல்டியைத் தம்மிடம் வைத்துக்கொண்டு பெயரைப் பணத்துக்கு விட்டுக்கொடுத்த ஃபாஸ்டர், மறு ஆண்டே தம் பெயரைத் திரும்பச் சேர்க்கக் கேட்டும் கிறிஸ்டி மறுத்துவிட்டார்.

என் பார்வையில் அதைவிடப் பெரிய இழப்பு, 1857-இல் பணமுடையால் தம் பாடல்களின் எதிர்கால ராயல்டி முழுவதையும் ஒரே தொகைக்கு விற்றதுதான். அதன்பின் பழைய பாடல்கள் எவ்வளவு விற்றாலும் அவருக்குப் பயனில்லை. புதியவற்றை எழுதிக் கிடைத்த விலைக்கு விற்றே இறுதி ஆண்டுகளைக் கழித்தார்.