ஆட்டுப் பட்டிக் காவலுக்கு ஷார்பெய் சரிவருமா?

கேள்வி: ஒட்டுசுட்டானில் வயலோடு ஆடும் வளர்க்கிறேன். காவலுக்கென்று கொழும்பிலிருந்து ஷார்பெய் இன நாய்க்குட்டி ஒன்று வாங்கினேன், இப்போது ஐந்து மாதம். பட்டியில்தான் கட்டியிருக்கிறேன். நாளாந்தம் குளிப்பாட்டியும் தோல் மடிப்புகள் நாறுகின்றன. தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் பூசிப் பார்த்தேன், மாறவில்லை. ஒரு கண்ணால் ஓயாமல் தண்ணி வடிகிறது. இரவில் பன்றி வந்தாலும் குரைப்பது குறைவு. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் கண்ணைக் கவனியுங்கள், மற்றவை பிறகு. இந்த இனத்தில் இமை உட்பக்கம் சுருண்டு, மயிர் கருவிழியில் உராய்வது மிகச் சாதாரணம். கண்ணைச் சுருக்குகிறதா, கருவிழியில் நீலவெள்ளையாக மங்கல் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் புண் தொடங்கியிருக்கலாம், அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். மங்கல் இல்லாவிட்டாலும் இந்தக் கிழமைக்குள் காட்டுங்கள். மருந்துக்கடையில் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து வாங்கி விடவேண்டாம். புண் இருந்தால் அது கருவிழியைத் துளைக்கும் அளவுக்குக் கொண்டுபோகும். வளரும் குட்டிக்கு இமையைத் தையலால் தற்காலிகமாக இழுத்து வைப்பார்கள். முகம் வளர்ந்து முடிந்த பிறகே நிரந்தர சத்திரசிகிச்சை.

நாற்றத்துக்குக் காரணம் ஈரம். நாளாந்தக் குளிப்பு அதைக் கூட்டுகிறது. எண்ணெய் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று ஈஸ்ட் பூஞ்சை பெருகும். பவுடரும் மடிப்புக்குள் கட்டிபட்டுப் புண்ணாக்கும். மடிப்பை விரித்து வெள்ளைப் பஞ்சால் துடைத்துப் பாருங்கள். மண்ணிறப் பிசுக்கு ஒட்டிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் ஈஸ்ட்தான். குளோர்ஹெக்சிடினும் மைக்கோனசோலும் சேர்ந்த நாய் ஷாம்பூவைக் கிழமைக்கு இரண்டு தடவை, கண்ணில் படாமல் போட்டு, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். பிறகு பருத்தித் துவாயால் ஒவ்வொரு மடிப்பாக ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். வால் அடியையும் விரல் இடுக்கையும் விட்டுவிட வேண்டாம். மாறிய பிறகு இரண்டு மூன்று கிழமைக்கு ஒரு குளிப்பு போதும். மயிர் வட்டமாகக் கொட்டியிருந்தால் அது வேறு, தோலுக்குள் வாழும் நுண்ணிய பூச்சியால் வரும் டெமோடெக்ஸ் சொறியாக இருக்கலாம். தோலைச் சுரண்டிப் பார்த்துத்தான் மருந்து. மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தை இதற்கு ஊற்ற வேண்டாம். காதுத் துவாரமும் ஒடுக்கம், ஆகவே கிழமைக்கு ஒருமுறை மணந்து பாருங்கள்.

காய்ச்சல் விஷயத்தில் வன்னிக்காரருக்கு ஒரு சிக்கல் உண்டு. தோலை இப்படிச் சுருங்க வைக்கும் அதே மரபணு மாற்றத்தோடு, ஷார்பெய் காய்ச்சல் என்ற நோயும் இந்த இனத்தில் ஓடுகிறது. திடீரென்று 40 பாகை செல்சியசுக்கு மேல் ஏறும், பின்னங்கால் கணுக்கள் வீங்கும், பெரும்பாலும் ஒன்றரை நாளுக்குள் தானாக இறங்கிவிடும். இங்கே உண்ணிக் காய்ச்சலும் தாராளம், தொடக்கத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். உண்ணிக் காய்ச்சலில் சோகை வரும், ஆனால் அதைப் பார்க்க முரசைத் தூக்கிப் பயனில்லை, இதன் நாக்கும் முரசும் இயல்பிலேயே பெரும்பாலும் நீலக்கறுப்பு. கீழ் இமையை மெல்ல இழுத்து உட்பக்கத்தைப் பாருங்கள். வெளிறியிருந்தால், மூக்கால் இரத்தம் வந்தால், சிறுநீர் கறுத்தால் உடனே இரத்தப் பரிசோதனை. வீட்டிலிருக்கும் டைக்குளோபெனாக், ஐபுபுரூபன் குளிசைகளைக் கொடுக்கவே கூடாது. அடிக்கடி காய்ச்சல் வரும் ஷார்பெய்களின் சிறுநீரகத்தில் அமிலாய்டு என்ற புரதம் படிந்து அது பழுதாகும். ஆகவே காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

காவல் பற்றி: பட்டியிலிருந்து அவிழ்த்து வீட்டோடு வையுங்கள். தென்சீனாவின் குவாங்டொங் பக்கத்தில் இது வீட்டுக் காவலுக்கும் நாய்ச் சண்டைக்கும் வளர்க்கப்பட்டது, பன்றி வேட்டைக்கும் போனது. அந்தப் பழைய வகைக்குச் சுருக்கம் குறைவு. 1970களில் ஹொங்கொங்கிலிருந்து அமெரிக்காவுக்குப் போன பிறகுதான் கொழுத்த மூஞ்சியும் மடிப்பும் கூட்டி வளர்த்தார்கள். கடையில் அழகென்று விற்கும் அந்த மடிப்பே உங்கள் செலவுக்குக் காரணம். வளர்ந்தால் 20 முதல் 27 கிலோ வரை வரும். குரைப்பு குறைவு என்பது குறையல்ல, இதன் சுபாவம். தன் ஆட்களோடு ஒட்டும், அந்நியரை நம்பாது. மற்ற நாய்களோடு மல்லுக்கு நிற்கும் என்பதால் இப்போதே ஆட்களோடும் ஆடுகளோடும் பழக்குங்கள். பட்டிக்கு இரண்டு ஊர் நாய் போதும், பன்றிக்கு வேலிதான்.

வெக்கை இதற்குப் பெரிய எதிரி. தகரக் கொட்டில் வேண்டாம், வேப்ப நிழலில் கிடுகு வேய்ந்தது நல்லது. கோடையில் காலை ஏழு மணிக்கு முன்னும் பொழுதுபட்ட பின்னும் மட்டும் நடத்துங்கள். நுரை தள்ளி இளைத்தால் கிணற்றுத் தண்ணியை உடம்பில் ஊற்றி, விசிறிக்கொண்டே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். விசர்நாய்த் தடுப்பூசி இன்னும் போடவில்லையென்றால், கண்ணைக் காட்டப் போகும்போதே அதையும் கேளுங்கள்.