முழங்கை வலிக்கிறது, கையும் மரத்துப் போகிறது. என்ன காரணமாக இருக்கும்?

பிசியோதெரபிஸ்ட்டாக இருப்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி என்னிடம் வரும். பெரும்பாலும் "கை முழுக்க மதமதன்னு இருக்கு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஒவ்வொரு விரலாகத் தொட்டுக் கேட்டால் இரண்டு, மூன்று விரல்கள்தான் மரத்திருக்கும். எந்த விரல்கள் என்று தெரிந்தால் பாதிக் காரணம் பிடிபட்டுவிடும்.

சுண்டுவிரலும் மோதிரவிரலில் அதை ஒட்டிய பாதியும் என்றால் அல்நார் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை கரண்ட் அடித்தது போல ஓடுமே, அந்த நரம்புதான். முழங்கையின் உள்பக்க எலும்பு மேட்டுக்குப் பின்னால், மேலே சதைப்பிடிப்பே இல்லாமல் தோலுக்கடியில் போகிறது. கையை மடக்கினால் நரம்பும் இழுபடும், அது போகும் வழியும் குறுகும். போனைக் காதில் வைத்து நெடுநேரம் பேசுவது, மேஜை விளிம்பில் முழங்கையை ஊன்றுவது, கையை மடக்கித் தலைக்கடியில் வைத்துத் தூங்குவது எல்லாமே அதற்கு ஆகாது. சின்ன வயதில் முழங்கை எலும்பு முறிந்து கோணலாகக் கூடியவர்களுக்குப் பல வருடம் கழித்தும் இது வரலாம். ராத்திரியில் ஒரு துண்டை முழங்கையைச் சுற்றித் தளர்வாகக் கட்டிக்கொண்டால் கை முழுக்க மடங்காது. ஆரம்ப நிலையில் இதுவே பலருக்கு நல்ல பலன் தரும்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்றால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது. கார்பல் டனல் என்பார்கள். தூக்கத்தில் எழுப்பிவிடும், கையை உதறினால் கொஞ்சம் சரியாகும். வலி சிலசமயம் முழங்கை வரை ஏறும். சர்க்கரை, தைராய்டு குறைவு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது அதிகம். கழுத்தைத் திருப்பும்போதோ பின்னால் சாய்க்கும்போதோ கைக்கு வலி இறங்கினால் கழுத்தெலும்பைப் பார்க்க வேண்டும்.

முழங்கையின் வெளிப்பக்கம் மட்டும் வலி, துணி பிழிந்தால் அதிகமாகிறது என்றால் அது டென்னிஸ் எல்போ. அதில் பொதுவாகக் கை மரக்காது. மரத்துப்போகிற கைக்கு மெடிக்கலில் எல்போ பெல்ட் வாங்கி இறுக்கிக் கட்டாதீர்கள்.

இரண்டு கையும், கூடவே பாதமும் மரத்தால் சர்க்கரையையும் வைட்டமின் பி12 அளவையும் பாருங்கள். சுத்த சைவக்காரர்களுக்கும், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறையலாம். ஊசி போட்டுக்கொள்வதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். போட்ட பிறகு அளவு சரியாக இருப்பது போலக் காட்டிவிடும்.

இன்னொன்றைப் பலர் வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிறார்கள், நான் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் தொழுநோய் இன்னும் இருக்கிறது. அது அதிகம் தாக்கும் நரம்புகளில் இந்த அல்நார் நரம்பும் ஒன்று. முழங்கைக்குப் பின்னால் தடித்த கயிறு மாதிரி தட்டுப்பட்டாலோ, உடம்பில் எங்காவது உணர்ச்சியில்லாத வெளிறிய அல்லது சிவந்த படை இருந்தாலோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். கூட்டு மருந்து அங்கே இலவசம், வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம். முழுக்கக் குணமாகும். தாமதித்தால் நரம்பு கெட்டு விரல்கள் மடங்கிப்போகும் ஆபத்து உண்டு, அதனால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்கவே கூடாது.

பொத்தான் போட, சாவி திருப்ப முடியவில்லை, அல்லது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கைச் சதை குழி விழுகிறது என்றால் துண்டு கட்டிக் காத்திருக்க வேண்டாம். நரம்பியல் மருத்துவரையோ எலும்பு மருத்துவரையோ பாருங்கள். நரம்பில் மின் தூண்டல் எப்படிப் போகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்தால் எந்த இடத்தில் அழுந்துகிறது என்பது பெரும்பாலும் தெரியும். ஆபரேஷன் தேவையா என்று அப்புறம் அவர்கள் சொல்வார்கள்.

நெஞ்சில் பாரம், வியர்வையோடு இடது கை வலித்தாலோ, திடீரென்று ஒரு பக்கக் கை மரத்து வாய் குழறினாலோ விரல் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே 108-ஐ அழையுங்கள்.