இருவருக்கும் ஒரே டைவ் சென்டர் போதுமா?

நீங்கள் டைவிங்கில் ட்ரைமிக்ஸ் (ஆழமான டைவுக்கான, ஹீலியம் கலந்த சுவாச வாயு) வரை போனவர், தம்பி இன்னும் கடலுக்குள் இறங்காதவர், ஒரே டைவ் சென்டர் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். சரிவரும். ஆனால் ஒரே படகு வேண்டாம். 18 மீட்டருக்குள் முடிகிற பயிற்சியும் நீண்ட டிகம்ப்ரஷன் நிறுத்தங்கள் (உடலில் கரைந்த வாயு வெளியேற, மேலே வரும் வழியில் நின்று காத்திருப்பது) உள்ள டைவும் ஒரே நேரத்துக்குள் அடங்காது. யாராவது ஒருவர் அவசரப்படுவார், அதுதான் ஆபத்து.

தம்பிக்காக, ஒரு பயிற்சியாளரிடம் எத்தனை பேர் என்று கேளுங்கள். பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் ஓப்பன் வாட்டர் (தொடக்கநிலைக் கடல் பயிற்சி) விதி 8 பேர் வரை அனுமதிக்கிறது. என் தம்பி என்றால் 4 பேருக்கு மேல் சம்மதிக்க மாட்டேன். படகில் அவசர ஆக்சிஜன் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

உங்களுக்கு ஒரே சோதனை போதும்: சிலிண்டரில் உள்ள வாயுவை நீங்களே அளந்து எழுதிக் கையெழுத்திடச் சொல்கிறார்களா? 50 சதவீத நைட்ராக்ஸில் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) ஆக்சிஜனின் அழுத்தம் 22 மீட்டரிலேயே 1.6 பார் என்ற ஆபத்து எல்லையைத் தொட்டுவிடும். இதில் அலட்சியம் காட்டுகிறவர்களிடம் தம்பியையும் விடாதீர்கள்.